ரெட் டெயில் கெளுத்திக்குத் துணை தேடிய கதை

கத்தரிக்கோல் வேலைக்கு ஆகவில்லை. நகவெட்டியும் ஆகவில்லை. கடைசியில் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனை எழுப்பி வாங்கி வந்த கட்டிங் பிளேயர்தான் கைகொடுத்தது.

2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். ராத்திரி பன்னிரண்டரை. துணி ஊறவைக்கும் நீல டப்பில் 20 அங்குல ரெட் டெயில் கெளுத்தி சாய்ந்து கிடக்கிறது. பல்வலிக்கு வாங்கி வைத்திருந்த கிராம்பு எண்ணெயில் சில சொட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் குலுக்கி ஊற்றி அதை மயக்கியிருந்தேன். அதன் வாயிலிருந்து, தொட்டிப் பாசியைத் தின்கிற டேங்க் கிளீனர் மீனின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மனைவி ஈரத்துண்டால் கெளுத்தியை அழுத்திப் பிடிக்க, மகன் செல்போன் டார்ச் அடிக்க, நான் வாய்க்குள் விரலை விட்டுத் தடவுகிறேன். டேங்க் கிளீனரின் இரண்டு பக்கத் துடுப்பு முள்ளும் விறைத்துக்கொண்டு தொண்டையில் குத்தி நின்றன. தலைப்பக்கமாக உள்ளே போகும்போது முள் மடங்கிப் போயிருக்கும். வாலைப் பிடித்து வெளியே இழுத்தால் விரித்த குடையை ஜன்னல் கம்பிக்குள் இழுப்பது மாதிரி. எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு குத்தும். முதலில் கொஞ்சம் உள்ளே தள்ளி, முள்ளின் நுனியைப் பிளேயரால் நறுக்கி, அப்புறம்தான் வெளியே எடுக்க முடிந்தது.

கெளுத்தி பிழைத்தது. ஒன்பது நாள் எதுவும் சாப்பிடவில்லை. டேங்க் கிளீனர் மறுநாள் செத்துப்போனது.

அன்றைக்கு வரைக்கும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: ஓடு மாதிரி உடம்பும் முள்ளும் உள்ள மீன் பத்திரம். அது பத்திரம் இல்லை, கெளுத்திக்கும் ஆபத்து. சாப்பிட முடியாத மீனைக்கூட கெளுத்தி சாப்பிட்டுப் பார்க்கும். கோரி என்று விற்கிற குட்டிக் கெளுத்திகளுக்கும் இதே மாதிரி விறைக்கிற முள் உண்டு. டேங்க் கிளீனர் இன்னொரு வேலையும் செய்யும். ராத்திரியில் செதில் இல்லாத மீனின் தோலில் ஒட்டிக்கொண்டு அதன் மேலுள்ள வழவழப்பை உறிஞ்சும். என் கெளுத்தியின் முதுகில் அதற்கு முன்பே வட்டமாகச் சில வெளுத்த திட்டுகள் இருந்தன. ஏதோ நோய் என்று நினைத்துத் தண்ணீரில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, ஆரம்பத்துக்கு வருகிறேன்.

2019 ஜனவரியில் கொளத்தூரில் ஒரு கடையில் மூன்று அங்குலக் குட்டியாக வாங்கினேன். விலை 600 ரூபாய். கறுப்பு முதுகு, நடுவே வெள்ளைப் பட்டை, செம்பருத்தி நிறத்தில் வால், முகத்தைவிட நீளமாக மீசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று விரலை ஆட்டினால் கூடவே வரும். என் மகன் அங்கேயே பெயர் வைத்துவிட்டான்: சிங்காரம். கடைக்காரர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"குட்டியிலேயே சேர்த்து விட்டுடுங்க அண்ணே. கூடவே வளர்ந்தா பழகிடும், ஒண்ணும் பண்ணாது."

அப்போது வில்லிவாக்கம் வீட்டில் நான்கடித் தொட்டி, கிட்டத்தட்ட 250 லிட்டர். அதில் ஏற்கெனவே ஆஸ்கர் என்கிற மீன் இரண்டு, தட்டு மாதிரி வட்டமான சில்வர் டாலர் மீன் ஐந்து, ஒரு பேரட் மீன், அந்த டேங்க் கிளீனர். எல்லாமே சிங்காரத்தைவிடப் பெரியவை. ஆஸ்கர்கள்தான் குட்டியைத் தின்றுவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அந்த பயம் மூன்று மாதம்தான் தாங்கியது.

"கூடவே வளர்ந்தா பழகிடும்" என்பதில் உள்ள ஓட்டை இதுதான்: கூடவே வளராது. ஆஸ்கர் ஒரு வருடத்தில் பத்து அங்குலம் வந்தால் நல்ல வளர்ச்சி. முழுசாக வளர்ந்தாலும் ஓரடி. ரெட் டெயில் முதல் வருடத்தில் மாதத்துக்கு ஓர் அங்குலமோ அதற்கு மேலோ ஏறும். தொட்டிகளிலேயே மூன்றடி தொடும். அமேசானிலும் ஒரினோகோவிலும் நாலடிக்கு மேல் பிடிபட்டிருக்கிறது. பிரேசிலில் இதன் பெயர் பிராராரா. அங்கே மழைக்காலத்தில் காட்டுக்குள் வெள்ளம் ஏறும்போது மீன், நண்டு, மரத்திலிருந்து விழும் பழம் எல்லாவற்றையும் விழுங்கித் திரிகிற மீன் இது. அதை நான்கடித் தொட்டியில் ஆஸ்கரோடு "பழக" விட்டேன்.

எட்டாவது மாதம் சிங்காரம் ஓரடி தாண்டியது. முதலில் பேரட் காணாமல் போனது. ஃபில்டருக்குப் பின்னால், மூடிக்குக் கீழே, சோபாவுக்கு அடியில் எல்லாம் தேடினோம். குதித்திருக்கும், பூனை தூக்கியிருக்கும் என்று மனைவியே சமாதானம் சொன்னாள். வீட்டில் பூனை கிடையாது. அப்புறம் சில்வர் டாலர் ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஒருநாள் காலையில் சிங்காரத்தின் வயிறு பக்கவாட்டில் துருத்திக்கொண்டு, வட்டத் தட்டை விழுங்கின மாதிரி ஒரு கோணத்தில் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் பூனைக் கதை முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பகலில் அது யாரையும் தொட்டதில்லை. ஆஸ்கர் வந்து முட்டினால் ஒதுங்கிப் போகும். சிச்லிட் வகை மீன்கள் செய்கிற மாதிரி எல்லை பிடித்துச் சண்டை போடாது, துரத்தாது, துடுப்பைக் கிழிக்காது. அதனால்தான் நம்பிவிடுகிறோம். "சாதுவான மீன்" என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். அது சண்டைக்காரன் அல்ல, சாப்பாட்டுக்காரன். குணத்தைப் பார்த்துத் துணை சேர்க்கிற பழக்கம் மற்ற மீன்களுக்குச் சரி. இதற்கு அளவுநாடாவைத்தான் எடுக்க வேண்டும்.

எதை அளப்பது? நான் முதலில் நீளத்தை அளந்தேன். கெளுத்தியின் நீளத்தில் பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்று கணக்கு. அது பாதிச் சரி. ரெட் டெயிலின் வாய் அதன் உடம்பு அகலத்துக்குக் கிட்டத்தட்ட முழுசாக விரியும். 20 அங்குலத்தில் பெல்லட் என்கிற உருண்டைத் தீனியை எடுக்கும்போது பார்த்தேன், நான்கு அங்குலத்துக்குக் குறையாது. அது கடிப்பதில்லை. வாயைத் திடீரென்று திறக்கும், எதிரில் உள்ள தண்ணீர் மொத்தமும் உள்ளே பாயும், தண்ணீரோடு மீனும் போகும். ஆகவே நீளம் இரண்டாம் பட்சம்தான். தலைப்பக்கத்து உயரமும் அகலமும்தான் முக்கியம். ஒல்லியான மீன் எவ்வளவு நீளமாக இருந்தாலும் மடங்கி உள்ளே போய்விடும். பிச்சிர் என்று பாம்பு மாதிரி ஒரு மீன் உண்டு, செதில் கவசம் போலக் கெட்டி. பலர் அதை ரெட் டெயிலோடு போடுகிறார்கள். நான் போடமாட்டேன். நூடுல்ஸ் போகிற மாதிரிப் போகும்.

இதைவிடப் பெரிய பாடம் ராத்திரியில் கிடைத்தது.

கடைசி சில்வர் டாலரும் போன பிறகு ஆஸ்கர் இரண்டும் மிச்சம். அவற்றையாவது காப்பாற்றலாம் என்று ஒரு டார்ச்சின் முகத்தில் சிவப்பு செலோஃபன் தாள் சுற்றி, ராத்திரி இரண்டு மணிக்குத் தொட்டி எதிரில் உட்கார்ந்தேன். பரிசுப் பொருள் சுற்றி வந்த தாள்தான். சிவப்பு வெளிச்சத்துக்கு மீன்கள் அவ்வளவாக மிரளவில்லை. பகல் முழுக்க நடுத்தண்ணீரில் ராஜா மாதிரி வளைய வந்த ஆஸ்கர்கள் இரண்டும் அடியில், மணலை ஒட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. சிங்காரம் முழித்திருந்தது. மீசையைத் தரையில் தடவிக்கொண்டே மெதுவாக ஊர்ந்து வந்தது. கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, தோல் முழுக்கச் சுவை அறிகிற மொட்டுகள் உண்டு. கும்மிருட்டிலும் அதற்குத் தெரியும். மீசை ஆஸ்கரின் வாலில் பட்டது. நின்றது. வால் துடுப்பிலிருந்து வயிறு வரை ஒரு தடவு தடவிப் பார்த்தது. துணிக்கடையில் சேலையைத் தடவிப் பார்ப்பார்களே, அப்படி. அப்புறம் விலகிப் போய்விட்டது.

அன்றைக்கு அளவு சரியாக வரவில்லை போல.

அதிலிருந்து யாராவது "இந்த மீனை என் கெளுத்தியோடு போடலாமா" என்று கேட்டால், பகலில் எங்கே நீந்துகிறது என்று நான் கேட்பதில்லை. ராத்திரி எங்கே தூங்கும் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். ஆஸ்கரும் பேரட்டும் பகலில் மேலே திரிந்துவிட்டு ராத்திரியில் கெளுத்தியின் படுக்கையறைக்கே தூங்க வருகின்றன. அரோவானா மீன் நீர்மட்டத்தை ஒட்டியே கிடக்கும். ஜெயன்ட் கௌராமி நடுத்தண்ணீரில் அப்படியே நிற்கும்.

ஆஸ்கர்களை அந்த வாரமே வேறொருவரிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பெரியது 2019 நவம்பரில் போனது. இரண்டு நாள் கழித்துச் சிங்காரம் அதைப் பாதி செரித்த நிலையில் கக்கிவிட்டது. ரெட் டெயில்கள் கூழாங்கல், ஹீட்டர் மூடி எல்லாவற்றையும் விழுங்கிக் கக்கும். இதையும் கக்கியது. நான் வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது, வீடு முழுக்க நாற்றம். சின்ன ஆஸ்கர் அந்த அழுகலில் கிளம்பிய அம்மோனியாவிலேயே செத்தது. துணை மீன் தப்பான தேர்வாக இருந்தால் ஒரு மீன் மட்டும் போவதில்லை, தொட்டியே போகலாம்.

அந்த வருடத்துக் கோடையைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கம். 2019 ஜூனில் செம்பரம்பாக்கமும் புழல் ஏரியும் காய்ந்து கிடந்தன. எங்கள் தெருவில் லாரிக்குப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. நான் வாரம் 100 லிட்டரை வாய் பெரிய ஒரு மீனுக்காக மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியேற்றின தண்ணீரை வீணாக்காமல் பக்கத்து வீட்டு வாழைக்கும் கழிப்பறைக்கும் கொடுத்தோம். ஆனாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் இறங்குவேன். எந்தத் துணை சேர்க்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், இந்தத் துணையின் கழிவுக்கும் சேர்த்து உங்கள் வீட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

2020 பிப்ரவரியில் ஆறடித் தொட்டிக்கு மாறினோம். ஆறுக்கு இரண்டரைக்கு இரண்டு, கிட்டத்தட்ட 850 லிட்டர், கீழே தனித் தொட்டியில் சம்ப் ஃபில்டர். டேங்க் கிளீனரும் கூடவே வந்தது. அதன் முடிவைத்தான் மேலே சொன்னேன். அதற்குப் பிறகு நடந்த பரிசோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லாமே பெருமைப்படும்படி இல்லை.

கடைகளில் ஷார்க் என்று 30, 40 ரூபாய்க்கு விற்கிற குட்டி, மீன் மார்க்கெட்டில் பாசா என்று துண்டு போடுகிற அதே மீன்தான். அதுவும் கெளுத்தி இனம். ஒருவர் வளர்க்க முடியாமல் கொடுத்த, ஒன்றேகால் அடியுள்ள இரண்டை விட்டேன். சிங்காரம் அவற்றைத் தொடவில்லை. ஆனால் அவை கூட்டமாக வாழ்கிற, எதற்கெடுத்தாலும் மிரள்கிற மீன்கள். காலையில் லைட் போட்டால் கண்ணாடியில் மடேர் என்று மோதும். மூக்கு உரிந்து ரத்தம் வரும். அவை மிரண்டால் சிங்காரமும் மிரண்டு மூடியை எகிறித் தள்ளும். மூன்று வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டைகர் ஷவல்நோஸ் என்கிற கோடு போட்ட கெளுத்தியிலும் இதே மோதல் பிரச்சினை உண்டு. அதோடு ஒல்லி உடம்பு. ரெட் டெயிலும் அதுவும் சம நீளத்தில் இருந்தால் ஜோடி அழகாகத்தான் இருக்கும். யார் முதலில் தடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அடுத்து பாக்கு என்கிற மீன். பிரானாவின் சாதுவான உறவுக்காரன். கொட்டை உடைக்கிற, மனிதப் பல் மாதிரி பல். உயரமான உடம்பு, எந்த வாய்க்கும் அடங்காது. இதுதான் சரியான ஆள் என்று நினைத்தேன். அவன் சிங்காரத்தின் மீசையைப் புழு என்று நினைத்துவிட்டான். தினம் ஒரு துளி கடித்து எடுப்பான். ஆறு மீசையில் நாலு கட்டை மீசை ஆனது. மீசை அடி போகாமல் இருந்தால் திரும்ப வளரும், வளர்ந்தது. பாக்கு போன பிறகு. அதுவரை துணை மீனைக் கெளுத்தியிடமிருந்து காப்பாற்றுவது பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். எதிர்த்திசையிலும் யோசிக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. இன்னொன்றும் அவன் கொண்டுவந்தான், வெள்ளைப்புள்ளி நோய். செதில் இல்லாத மீனுக்குத் தாமிரம் கலந்த மருந்தும் மாலகைட் கிரீனும் ஆகாது, முழு அளவு ஊற்றினால் நோய்க்கு முன்னால் மருந்தே கொன்றுவிடும். பாதி அளவு மருந்து, 30 டிகிரி வெப்பம், கூடுதலாக ஒரு ஏர் பம்ப் என்று இரண்டு வாரம் ஓட்டினேன். அதற்குப் பிறகு எந்தப் புது மீனாக இருந்தாலும் மூன்று வாரம் தனித் தொட்டி. இதில் சமரசமே இல்லை.

"ஆப்பிரிக்கக் கெளிறு போடு மச்சான், அதை யாராலயும் கொல்ல முடியாது" என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். யாராலும் கொல்ல முடியாத அது உள்ளூர் மீன்களை அழித்துவிடும் என்பதால்தான் அதை வளர்க்கவே இங்கே தடை.

கடைசியாக அரோவானா. 16 அங்குல சில்வர் அரோவானாவை 2020 ஆகஸ்டில் விட்டேன். மேல்மட்டத்து மீன், மேலேயே தூங்கும், என் ராத்திரிக் கணக்குக்குப் பொருத்தமான ஆள். ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகவே போனது. சாப்பாட்டிலும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். முதலில் மிதக்கிற பெல்லட், ஒரு முனையில், அரோவானாவுக்கு. லைட்டை அணைத்து அரைமணி கழித்து மறுமுனையில் மூழ்கும் பெல்லட்டும் இறாலும் ஜிலேபி மீன் துண்டும் சிங்காரத்துக்கு. இரண்டும் ஒரே துண்டுக்கு வாய் திறந்தால் சின்னவன் தலை பெரியவன் வாயில் போய்விடும், அது வேண்டுமென்று செய்வதில்லை. உயிர் மீன் போடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தேன். அது நோயையும் கொண்டுவரும், ஓடுகிற மீன் எல்லாம் சாப்பாடு என்று கெளுத்திக்குப் பாடமும் நடத்தும். வயிறு நிறையப் போட்டால் துணை மீனைத் தொடாது என்பார்கள். நான் பார்த்தவரை அது பொய். நிறைந்த வயிற்றோடும் வாய் திறக்கும்.

2021 டிசம்பரில் ஒரு ராத்திரி நாலு மணி நேரம் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்து ஏர் பம்ப் நின்றது. காற்றுக்காகச் சிங்காரம் மேலே வந்திருக்கிறது. நாங்கள் எழுந்து பார்த்தபோது அரோவானாவின் பின்பாதி அதன் வாயில். துண்டைப் போட்டு அழுத்தியதும் விட்டது. ஆனால் அரோவானா இரண்டு நாள்தான் இருந்தது.

அப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தொட்டியின் ஆழம் இரண்டடி. சிங்காரம் இரண்டரை அடி. அதில் மாடி ஏது, கீழ்வீடு ஏது? அரோவானா மேலே தூங்கியது என்பது என் மனதில்தான். கெளுத்தி தலையைத் தூக்கினாலே மாடி வந்துவிடுகிறது. மூன்று வருடமாக நான் மீனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். தேர்ந்தெடுத்திருக்க வேண்டியது தொட்டியை.

2022 மே மாதம் திருவள்ளூர் பக்கம் மாமியார் வீட்டுத் தோட்டத்தில் சிமெண்ட் தொட்டி கட்டினோம். பதினைந்துக்கு எட்டு, நாலடி ஆழம், மூன்றரை அடிக்குத் தண்ணீர். கிட்டத்தட்ட 12,000 லிட்டர். பாதிக்கு மேல் நிழல் வலை. புது சிமெண்டின் காரம் போக ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீர் நிரப்பி நிரப்பி வடித்தோம். சிங்காரத்தைக் கொண்டுபோனது தனிக் கதை, சாக்கு மாதிரி தைத்த தார்பாலின், வாடகை டாடா ஏஸ்.

முதல் ஆறு மாதம் அதைத் தனியாகவே விட்டேன். தனியாக இருப்பதால் ஏங்கியதாகத் தெரியவில்லை. துணை வேண்டும் என்பது என் ஆசைதான், அதன் ஆசை அல்ல. அப்புறம் தொட்டியைக் கலைத்த ஒருவரிடமிருந்து இரண்டு ஜெயன்ட் கௌராமி கிடைத்தன. வளர்ந்து முடிந்தவை, ஒன்றரை அடிக்கு மேல், நெற்றி புடைத்து முறம் மாதிரி உடம்பு. கூண்டு மாதிரி வலைத் தடுப்பு கட்டி மூன்று வாரம் ஒரு மூலையில் வைத்துப் பழக்கினேன். இவை காற்றையும் நேரடியாக மேலே வந்து விழுங்கும், அதனால் மின்வெட்டு ராத்திரிகளில் திணறுவதில்லை. வலையைப் பிரித்த ராத்திரி சிவப்புத்தாள் டார்ச்சோடு கரையில் உட்கார்ந்தேன். சிங்காரம் வந்தது, மீசையால் தடவியது, பெரிய கௌராமி வாலால் ஒரு தட்டுத் தட்டியது, போய்விட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தொட்டி வழிய இரண்டு விரல் அளவுதான் பாக்கி. தென்னை ஓலை விழுந்து நிழல் வலை கிழிந்திருந்தது. மச்சானும் நானும் மீன்பிடி வலையை மேலே இழுத்துக் கட்டி, செங்கல் வைத்து, ராத்திரி முழுக்க மோட்டாரில்லாமல் வாளியால் இறைத்தோம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவில் சாலக்குடி ஆற்றில் அரபைமா பிடிபட்ட செய்திதான் எனக்குக் கண்முன் ஓடியது. அமேசான் மீன் கேரள ஆற்றில். யாரோ ஒருவரின் தொட்டியோ குளமோ வழிந்திருக்கிறது. பெரிதாகிவிட்டது என்று டேங்க் கிளீனரை ஏரியில் விட்டவர்கள் விட்டது இன்றைக்கு நம் ஏரி வலைகளில் கிலோ கணக்கில் சிக்குகிறது. சிங்காரம் கொசஸ்தலை ஆற்றுக்குப் போய்விடக் கூடாது என்று அன்றைக்கு நான் வேண்டிக்கொண்டது சிங்காரத்துக்காக மட்டும் இல்லை.

இப்போது அது மூன்றடிக்கு ஓரிரண்டு அங்குலம் குறைவு. வாரத்தில் மூன்று நாள் சாப்பாடு. நான் சனி ஞாயிறு போகிறேன், மற்ற நாள் மாமியார் பார்த்துக்கொள்கிறார். காலையில் கோலம் போட்டு முடித்ததும் தொட்டிக் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு போன் செய்வார். மழையோ வெயிலோ, முதல் வார்த்தை ஒன்றுதான்.

"மாப்ளை, எண்ணிட்டேன். ரெண்டும் இருக்கு."